நூற்றுப் பத்துக்கு எழுபது

அந்தப் பட்டையை எத்தனை முறை துவைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். டெட்டாலில் ஒரு முறை, சீயக்காயில் ஒரு முறை, எலுமிச்சம்பழத் தோல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு முறை. மொட்டைமாடிக் கொடியில் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டேன். எடுத்து மூக்கருகே வைத்தால் மீன் வாடை. வேறு யாருக்கும் வரவில்லை. என் அண்ணன் மகள் அனுப்பிரியாவிடம் நீட்டினேன். "டெட்டால் நாத்தம்தான் அத்தை வருது" என்றாள். எனக்கு மட்டும்தான் வந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பட்டையை அஞ்சலியின் கையில் நான் ஒரு நாள்கூடச் சுற்றியதில்லை.

பிபி மிஷினில் கையில் சுற்றிக் காற்றடிப்பார்களே, அந்தப் பட்டையைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் தையல்நாயகி. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் நெடும்பாக்கம். அங்கே துணை சுகாதார நிலையத்தில் செவிலியர். நான் பிறந்த ஊரும் அதுதான். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் நிலம் உழுதவர்கள். நிலமெல்லாம் பிளாட்டான பிறகு கடையும் வாடகை வீடுமாக இருப்பவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நான் ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எவளோ ஒரு கெட்டவள் செய்த காரியம் என்று நீங்கள் சுலபமாக நினைத்துவிட்டுப் போய்விடக் கூடாது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் ஏரியை ஒட்டிய புறம்போக்கில் தகரக் கொட்டகைகள் போட்டு, கடலோரக் குப்பத்திலிருந்து அறுபது குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். தற்காலிகம்தான், ஆறு மாதத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். யார் கட்டினார்கள்? ஊரில் அந்த இடத்துக்கு ஷெட்டு என்றே பெயராகிவிட்டது. ஆண்கள் விடிகாலையில் பஸ் பிடித்துக் கடலுக்குப் போனார்கள். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கும் சிட்லபாக்கம் தெருக்களுக்கும் மீன் விற்கப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருகிற நாள். ஷெட்டிலிருந்து முதன்முதலாக நாலு பெண்கள் வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நகர்ந்தது இடம் கொடுக்க அல்ல. அனுப்பிரியாவுக்கு அப்போது மூன்றாவது மாதம். என் காதோடு சொன்னாள்: "அத்தை, அவங்களுக்குக் கட்டினதை எனக்குக் கட்டாதீங்க. மீன் வாடை, வாந்தி வருது."

நாங்கள் ஜாதி என்று வாயால் சொல்ல மாட்டோம். படித்தவர்கள் இல்லையா? வாடை என்று சொல்வோம்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மசக்கைக்காரிக்கு வாடை ஆகாதுதானே? இருப்பதோ ஒரே மிஷின், ஒரே பட்டை. சரி, முதலில் நம் ஆட்களுக்குப் பார்த்துவிடுவோம், ஷெட்டுக்காரர்களுக்குக் கடைசியில் பார்ப்போம் என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். இரண்டு செவ்வாய் அப்படி நடந்தது. மூன்றாவது செவ்வாய், கடைசியில் கட்டினால் அந்தப் பட்டைதானே அடுத்த வாரம் முதலில் அனுப்பிரியாவுக்கு வரும் என்று தோன்றியது. அன்றைக்கு ஷெட்டுக்காரர்கள் முறை வந்தபோது பெட்டியைத் திறக்கவே இல்லை. எடை பார்த்தேன், சத்து மாத்திரை கொடுத்தேன். தடுப்பூசியும் போட்டேன். ஊசியைப் போட்டால் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடலாம், பட்டையை எறிய முடியாதே! அவர்களுடைய கர்ப்பிணி அட்டையில் பிபிக்கு எதிரே நூற்றுப் பத்துக்கு எழுபது என்று எழுதினேன். நல்ல எண். வயசுப் பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஷெட்டிலிருந்து வந்த ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு செவ்வாயும் அதையே எழுதினேன்.

அதற்குப் பிறகு ஷெட்டிலிருந்து வர ஆரம்பித்தவர்களில் அஞ்சலி ஒருத்தி. இருபத்திரண்டு வயசு, தலைச்சன் பிள்ளை. கணவன் பெயர் வடிவேலு. நல்ல உயரமாக, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். மார்க்கெட்டிலிருந்து நேரே வருவதால் கைகளை மஞ்சள் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள். எனக்காகத்தான் அந்த மஞ்சள் என்று எனக்குத் தெரியும். எடை பார்த்து முடிந்ததும் இடது கையை மேஜைமேல் நீட்டிக்கொண்டு கேட்பாள்:

"நர்சக்கா, எனக்கு?"

"உனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கே. போ போ" என்பேன். சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொள்வாள். அவள் வந்த ஒவ்வொரு செவ்வாயும் இது நடந்தது. அவளுக்குப் பின்னால் அவள் தங்கை வெண்ணிலா நிற்பாள், அவளும் முழுகாமல் இருந்தாள். வெண்ணிலா சிரிக்க மாட்டாள். என் கையைப் பார்ப்பாள், பூட்டிய பெட்டியைப் பார்ப்பாள், நான் எழுதுவதைப் பார்ப்பாள்.

எட்டாவது மாதத்தில் அனுப்பிரியாவுக்கு ஒரு செவ்வாய் பாதரசம் நூற்று ஐம்பதில் நின்று துடித்தது. கால் லேசாக வீங்கியிருந்தது. நான் அவளை வீட்டுக்குக்கூட அனுப்பவில்லை. அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரம் அங்கேயே வைத்து மருந்து கொடுத்து, நல்லபடியாகக் குழந்தையை எடுத்தார்கள். "எங்க தையல் கண்ணுதான் என் பொண்ணைக் காப்பாத்துச்சு" என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள் ஒரு செவ்வாய்க்கிழமை அமைந்தது. பன்னிரண்டு மணிக்கு நான் மிஷினைப் பூட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். பட்டுப் புடவை மாற்ற வேண்டும். அப்போதுதான் அஞ்சலியும் வெண்ணிலாவும் வந்தார்கள். அஞ்சலி அன்றைக்குச் சிரிக்கவில்லை. கண் இமை உப்பியிருந்தது. கையை நீட்டினாள்.

"நர்சக்கா, எனக்கு கட்டேன். மூணு நாளா தல வலிக்குது. மண்டய பொளக்குது."

"வெயில்ல கூடை தூக்கினா தலை வலிக்காம என்ன செய்யும்? நிழல்ல படு" என்றேன். அட்டையை வாங்கித் தேதி போட்டேன். எழுதினேன், நூற்றுப் பத்துக்கு எழுபது.

வியாழக்கிழமை மத்தியானம் ஷெட்டில் அவளுக்கு ஜன்னி கண்டது, கர்ப்பத்தில் பிபி ஏறினால் வருகிற வலிப்பு. ஆட்டோவில் போகும்போதே இரண்டு முறை இழுத்தது. சாயங்காலத்துக்குள் அவளும் போய்விட்டாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போய்விட்டது.

பிரசவ காலத்தில் ஒரு பெண் செத்தால் முன்பெல்லாம் விதி என்று விட்டுவிடுவார்கள். இப்போது அரசாங்க உத்தரவு இருந்தது. ஒரு நாளைக்குள் தகவல் போக வேண்டும். பதினைந்து நாளுக்குள் டாக்டர் வீடு தேடிப் போய் விசாரித்துப் படிவம் நிரப்ப வேண்டும். பிறகு மாவட்டக் கூட்டத்தில், செத்தவளின் வீட்டாரையும் வைத்துக்கொண்டு, ஏன் செத்தாள் என்று பேச வேண்டும். படிவத்தில் சமூகம் என்று ஒரு கட்டம் உண்டு. எந்தப் பிரிவுப் பெண்கள் அதிகம் சாகிறார்கள், எதனால் என்று தெரிந்துகொண்டு அந்த வித்தியாசத்தைக் குறைக்க வேண்டுமாம். அதற்குக் கீழே தாமதத்துக்கு மூன்று கட்டங்கள். வீட்டில் தாமதம், வழியில் தாமதம், ஆஸ்பத்திரியில் தாமதம்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சம்பத் நல்ல மனுஷர், ஆனால் காலில் சக்கரம் கட்டியவர். அவர் கேள்வி கேட்க, நான் எழுத வேண்டும். யார் எழுத வேண்டும் பாருங்கள்! ஷெட்டுக்குள் நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தேன். என் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம்.

வடிவேலு எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தாடி மண்டியிருந்தது. அஞ்சலியின் அட்டையை ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு நூலால் கட்டி வைத்திருந்தான். அதைப் பிரித்து டாக்டரிடம் காட்டினான்.

"தலவலின்னு எப்போ சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஞாயித்துக்கெயமயே சொல்ச்சி சார். செவ்வாக்கெயம நர்சம்மாகிட்ட போய் காட்டிகினு வந்துச்சி. அப்பவும் நிக்கல. புதங்கெயம பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் இட்டுகினு போனேன். அவங்க கார்ட பாத்தாங்கோ. நேத்துதான் பாத்துகீறாங்களே, பிபி கரீட்டா கீது, இது வெயிலு தலவலின்னு மாத்தர குட்த்து அனுப்பிட்டாங்கோ."

"அங்கே மறுபடி பிபி பார்க்கலையா?"

"கூட்டம் சார். கார்டுலதான் கீதேன்னாங்கோ."

என் பேனா நின்றது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "அப்புறம்? வியாழக்கிழமை வரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்க?"

வடிவேலு துண்டின் முனையைச் சுருட்டினான். "ராவெல்லாம் அயுதுச்சி சார். கண்ணு மசமசங்குதுன்னு சொல்ச்சி. நாந்தான் சார் கார்ட காமிச்சி திட்டினேன். படிக்கத் தெரியாத முண்டமே, இன்னா போட்டுகீது பாரு, நூத்திப்பத்து எயுவது, எல்லாம் நல்லா கீது, சும்மா படுன்னு சொன்னேன். நான் எட்டாங்கிளாஸ் படிச்சவன் சார். அதுக்குப் படிக்கத் தெரியாது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "வீட்டில் தாமதம். போட்டுக்கோங்க சிஸ்டர்" என்றார். போட்டேன். என் கையால்தான் போட்டேன். சமூகம் என்ற கட்டத்தில் மீனவர் என்று எழுதினேன். எதற்கு அந்தக் கட்டம் என்று அவரும் யோசிக்கவில்லை.

எழுந்திருக்கும்போது வடிவேலு என்னைக் கும்பிட்டான். "நீங்க ஒயுங்கா பாத்தீங்க நர்சம்மா. நாந்தான் கோட்ட வுட்டேன்" என்றான். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. பக்கத்து ஷெட்டு வாசலில் வெண்ணிலா நின்றுகொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. அவள் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பு தெரியவில்லை. செருப்பின் வார் புறங்காலில் பள்ளம் பதித்திருந்தது. அவளுடைய அட்டையிலும் நான்கு செவ்வாய்க்கு என் நூற்றுப் பத்துக்கு எழுபதுதான் இருந்தது.

அடுத்த செவ்வாய் வெண்ணிலா வரவில்லை. ஷெட்டிலிருந்து யாருமே வரவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக் காற்றை மெதுவாக இறக்கினேன். டொப் டொப் என்று துடிப்பு வந்தது. நின்றது. நின்ற பிறகு ஒன்றும் கேட்கக் கூடாது. எனக்குக் கேட்டது.

"நர்சக்கா, எனக்கு?"

சட்டென்று கழற்றிவிட்டேன். அறையில் மின்விசிறிச் சத்தம்தான். மறுபடி மாட்டினேன், மறுபடி கேட்டது. வேண்டிக் கேட்கவில்லை, கோபமும் இல்லை. செவ்வாய்தோறும் கேட்பாளே, அதே குரல். பட்டையிலிருந்து மீன் வாடை குப்பென்று அடித்தது. எதிரே இருந்தவளைக் கேட்டேன், "ஏண்டி, மீன் தின்னுட்டு வந்தியா?" "இன்னிக்கு அமாவாசைக்கா" என்று அவள் விழித்தாள். அன்றைக்குப் பார்த்த ஒன்பது பெண்களுக்கும் ஒன்பது தடவை கேட்டது. ஸ்டெதாஸ்கோப் காதில் இருந்தால் மட்டும் கேட்கும். கழற்றினால் இல்லை. அப்போதுதான் பட்டையைத் துவைக்க ஆரம்பித்தேன்.

பயந்துபோனேன் என்று சொல்லிவிடுகிறேன். செத்தவளுக்கு மட்டும் அல்ல. வெண்ணிலாவின் கால்தான் கண்ணிலேயே நின்றது. நிலையத்து உதவியாளரை அனுப்பிக் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். படிவமோ என் மேஜையில் கிடந்தது. நல்ல பிரதி எடுத்து நான் கையெழுத்துப் போட்டால் டாக்டர் அனுப்பிவிடுவார். வீட்டில் தாமதம். முடிந்தது கதை. வெண்ணிலாவும் செத்தால் இன்னொரு படிவம், இன்னொரு வீட்டில் தாமதம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மிஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன். தெருவில் இரண்டு பேர், "எங்க தையல், பெட்டியோட?" என்று கேட்டார்கள். ஷெட்டுக்கு என்றேன். பெட்டியையும் என்னையும் பார்த்தார்கள்.

வெண்ணிலா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா நர்சக்கா. கார்டு வோணுமா? அதோ ஆணியில மாட்டிகீது. எட்த்து எய்திக்கோ. நூத்திப்பத்து எயுவது. எனக்கே மனப்பாடம்."

"இல்ல வெண்ணிலா. கட்டிப் பாக்கத்தான் வந்தேன். கையை நீட்டும்மா."

"இப்போ மட்டும் நாறலியா?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தலை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"கீது."

"எத்தனை நாளா?"

"அத்த உனுக்கு இன்னாத்துக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். பக்கத்து ஷெட்டில் வடிவேலு படுத்திருந்தான். "மாமா கடலுக்குப் போயி பாஞ்சி நாளு ஆவுது. அந்த கார்ட பாத்துகினே குந்திகினுகீது. நாந்தான் கொன்னேன், நாந்தான் கொன்னேன்னு பொலம்புது. நெத்திய செவுத்துல மோதிக்கிது. நான் வாயத் தொறக்கல. தொறந்தா உன்ன வெட்டிட்டு ஜெயிலுக்குப் பூடும். அத்த நம்பி நாங்க அஞ்சு பேரு கீறோம்."

"வெண்ணிலா, அப்புறம் பேசலாம். முதல்ல கையைக் குடு. உனக்கு ஏதாவது ஆயிடும்டி."

"நீ போயி சொல்லு. அக்காவுக்கு ஒருநா கூட கட்டலன்னு உன் வாயால மாமாகிட்ட சொல்லு. அப்பால குட்க்குறேன்."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன். முதல்ல பாத்துடறேன்."

"உன் எய்த்த நம்பி ஒருத்தி பூட்டா. சத்தியத்த நம்பி நான் போவணுமா?" கையைப் புடவைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

அந்த இருபது தப்படி இருக்கிறதே, என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை. வடிவேலு என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தேடினான். வேண்டாம் என்றேன். பெட்டியைத் தரையில் வைத்தேன். சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

"வடிவேலு, அஞ்சலிக்கு நான் பிபி பாக்கவே இல்லப்பா. ஒரு நாளும் பாக்கல. அந்த எண்ணெல்லாம் நானா எழுதினது."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "பாக்காம எப்டி எய்துவீங்கோ? கைய புடிச்சி பாத்துத்தான எய்துவீங்கோ?"

"கையையும் பிடிக்கல. உங்க ஆளுங்களுக்குக் கட்டின பட்டையை எங்க ஆளுங்களுக்குக் கட்டக் கூடாதுன்னு உங்கள்ல யாருக்கும் கட்டல. அவ கடைசியா தலைவலின்னு வந்தப்பவும் கட்டல. நீ அவளைத் திட்டினது என் பொய்யை வெச்சுத்தான். நீ கொல்லலப்பா. ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பினதும் என் எழுத்தைப் பாத்துத்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் தலையணைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, நூலைப் பிரித்து, அட்டையை என்னிடம் நீட்டினான்.

"இதுல எது நெசம்?"

"தேதி நெசம். எடை நெசம். ஊசி நெசம்."

"இது?" அந்தக் கட்டங்களின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினான். ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை என்றேன். ஏழு தடவை.

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். "எனுக்குக் கட்டு."

"எதுக்குப்பா?"

"கட்டு. அது எப்டி கீதுன்னு பாக்கணும்."

தரையில் உட்கார்ந்து அவன் கையில் பட்டையைச் சுற்றினேன். காற்றடித்தேன். பாதரசம் ஏறுவதை அவன் கண் கொட்டாமல் பார்த்தான். இறங்குவதையும் பார்த்தான். ஸ்டெதாஸ்கோப்பில் அவனுடைய துடிப்பு தடதடவென்று வந்து நின்றது. நின்ற பிறகு அவள் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவ்ளோதானா?" என்றான் வடிவேலு.

"அவ்வளவுதான்."

"எவ்ளோ நேரம் ஆச்சி இப்போ?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிசம்" என்று திருப்பிச் சொன்னான். பட்டையைத் தானே பிரித்து என் கையில் கொடுத்தான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். திரும்பிப் பார்க்காமலே, "வெண்ணிலா, கைய குடு" என்று கத்தினான்.

வெண்ணிலாவின் கை சில்லென்று இருந்தது. பாதரசம் நூற்று எழுபதில் துடிக்க ஆரம்பித்து, நூற்றுப் பத்தில்தான் நின்றது. வெண்ணிலாவின் அட்டையில் முதன்முறையாக உண்மையான பிபியை எழுதினேன். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். இந்த முறை அட்டையை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை, நானே கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அட்டையைப் பார்க்காதீங்க டாக்டர், கையில கட்டிப் பாருங்க. முன்னாடி எழுதினதெல்லாம் பொய், எழுதினவ நான்தான்" என்று சொன்னேன். எல்லாரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஆனால் கட்டிப் பார்த்தார்கள். ஜன்னி வராமல் இருக்க ஊசி போட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம், கையளவுதான் இருந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. நான் பார்க்கப் போனபோது வெண்ணிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுடைய உரிமை.

படிவத்தின் நல்ல பிரதியை எடுத்துக்கொண்டு சம்பத் டாக்டரிடம் போனேன். வீட்டில் தாமதம் என்ற கட்டத்தை வெறுமனே விட்டிருந்தேன். கீழே, குறிப்பு என்ற இடத்தில் நடந்ததை முழுசாக எழுதியிருந்தேன். அவர் படித்தார். சேரில் சாய்ந்தார்.

"சிஸ்டர், உங்க வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

"உங்க ஊர்லயே இருக்க முடியாது. உங்க ஜனங்களே உங்களைச் சும்மா விட மாட்டாங்க."

"அவங்களும் கேள்விப்படட்டும் சார்."

ஊருக்குத் தெரிந்த பிறகு எங்கள் ஆட்களில் அனுப்பிரியா மட்டும் வந்து அழுதாள். "நான் வாந்தி வருதுன்னுதானே அத்தை சொன்னேன்? கட்டாதீங்கன்னு சொல்லலியே" என்றாள். சொன்னாள்தான். ஆனால் கேட்டவள் நானல்லவா? அவளுடைய குழந்தை என் மடியில் படுத்துக்கொண்டு என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. கொழுக் மொழுக்கென்று, உயிரோடு.

காஞ்சிபுரத்தில் மாவட்டக் கூட்டம். நீள மேஜை, இருபது நாற்காலி. ஒரு ஓரத்தில் வடிவேலுவை உட்காரவைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். நடுவில் ஓர் அதிகாரி அம்மாள். என் குறிப்பை அவர் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் படிவத்துல மூணு தாமதம்தான் இருக்கு. வீட்டில் இல்லை, வழியில் இல்லைங்கறீங்க. ஆஸ்பத்திரியிலயும் உங்க எழுத்தை நம்பித்தான்னு எழுதியிருக்கீங்க. அப்போ இதை நான் எதுல சேக்கறது?"

"மேல பாருங்க மேடம்" என்றேன். "சமூகம்னு ஒரு கட்டம் இருக்கு. அதைப் பாத்துத்தான் நான் பட்டையைக் கட்டல. இந்தத் தாமதம் அங்க ஆரம்பிக்குது."

அவர் காகிதத்தைப் பார்த்தார். மீனவர் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"சரி. எவ்வளவு நேரத் தாமதம்?"

"ரெண்டு நிமிஷம் மேடம்."

வடிவேலு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அந்த அம்மாளின் பேனா எங்கே எழுதுவது என்று தெரியாமல் காகிதத்துக்கு மேலேயே நின்றது. அப்போது என் காதுக்குப் பக்கத்தில், மஞ்சளும் மீனும் கலந்த வாடையோடு, அஞ்சலி கேட்டாள்.

"நர்சக்கா, எனக்கு?"

ஸ்டெதாஸ்கோப் அன்றைக்கு நான் கொண்டுபோகவே இல்லை.